எழும்பும் தரையில் இரண்டு டன் நீர்: கால்கரி வீட்டின் வெந்நீர்த் தொட்டிக்கு எந்த ஏற்பாடு?

கனடாவின் கால்கரி நகரில் இருக்கும் என் மகளும் மாப்பிள்ளையும், புதிதாக வாங்கிய வீட்டின் பின்புறத்தில் வெந்நீர்த் தொட்டி ஒன்று வைக்க விரும்புகிறார்கள். அங்குள்ளவர்கள் அதை ‘ஹாட் டப்’ என்கிறார்கள். ஐந்து பேர் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து, பக்கவாட்டுத் துளைகளிலிருந்து பீறிடும் நீரில் முதுகையும் காலையும் தளர்த்திக்கொள்ளலாம். பாலிங்கில் உள்ள உலு லெகோங் வெந்நீர் ஊற்றுக்குச் சிறுவயதில் அவளை அழைத்துச் சென்றது இன்றும் அவள் மனத்தில் நிற்கிறது. மாப்பிள்ளைக்கோ குளிர்காலம் வந்தால் முதுகுவலி கூடிவிடுகிறது. எந்தத் தொட்டி என்பதை அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அதை எதன்மேல், எந்த இடத்தில், எந்த மின்னிணைப்போடு, எந்த மாதத்தில் வைப்பது என்பதை மட்டும் என்னிடம் கேட்டார்கள், ஏனென்றால் பினாங்கில் பல ஆண்டுகள் கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். பிள்ளைகளைக் குளிர்நாடுகளுக்கு அனுப்பிவிட்டு இங்கிருந்தே அவர்களுடைய வீட்டு வேலைகளுக்கு யோசனை சொல்லும் பெற்றோர் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பலர் இருப்பதால், நான் எடைபோட்டுப் பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

வீட்டுச் சுவரை ஒட்டி, சுவரில் துளையிட்டுக் கம்பிகளைச் செருகி, கனமான கான்கிரீட் தளம் ஒன்றை வீட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள் என்பதே நான் அவர்களுக்கு முதலில் சொன்ன யோசனை. பட்டர்வொர்த்திலும் ஜெலுத்தோங்கிலும் கடலோரக் களிமண்ணின்மேல் நிற்கும் வீடுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். இங்கே வீடு, நிலத்தில் ஆழமாக இறக்கிய தூண்களான பைலின்மேல் நிற்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தளமான ஏப்ரானும் கார் நிறுத்துமிடமும் மண்ணின்மேல் கிடக்கின்றன. சில ஆண்டுகளில் மண் அமுங்கி ஏப்ரான் இறங்க, சுவரோரத்தில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுகிறது. தரை கீழே இறங்கும் என்பது ஒன்றே நமக்குத் தெரிந்த குறை. கால்கரியிலோ தரை மேலே எழும்புகிறது, வேனில் வந்தபின் மறுபடியும் இறங்குகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் அங்கே எந்தத் தளத்தையும் தேர்ந்தெடுக்க முடியாது.

நீர் உறைந்தால் ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும் என்பது எல்லாரும் பள்ளியில் படித்ததுதான். ஆனால், தரை எழும்புவதற்கு அது மட்டும் காரணமன்று. மேற்பரப்பிலிருந்து மண் உறையும் மட்டம் மெல்லக் கீழே இறங்கும்போது, வண்டலும் களியும் கலந்த நுண்மண், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, அடியிலுள்ள ஈரத்தை உறையும் மட்டத்தை நோக்கி இழுக்கிறது. வந்த நீர் அங்கே தட்டுத் தட்டாகப் பனிக்கட்டியாகி, தனக்கு மேலே உள்ள அனைத்தையும் தூக்குகிறது. இது நடக்க உறைகுளிர், நீர், நுண்மண் ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும். குளிரை நம்மால் நீக்க முடியாது. மண்ணைத் தோண்டியெடுத்து உடைகல்லை இட முடியும், நீரை வடித்துவிட முடியும். அங்குள்ள வீடுகளின் அடித்தளத்தைக் குறைந்தது 1.2 மீட்டர் ஆழத்திற்கு இறக்குவதும் மண் உறையும் மட்டத்துக்குக் கீழே போய் நிற்பதற்காகவே. எனவே வீடு அசையாது. அதன் பக்கத்தில் மேலாகப் போட்ட தளம் அசையும். அசையாததோடு அசைவதைக் கம்பி போட்டுக் கட்டினால் இரண்டில் ஒன்று உடையும். நான் முதலில் சொன்ன யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது இதனால்தான்.

கால்கரிக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. ராக்கி மலைத்தொடரைக் கடந்து சினூக் என்னும் வெப்பக்காற்று நடுக்குளிர்காலத்திலும் வீசும். சில மணி நேரத்தில் வெப்பநிலை 20 டிகிரி வரைகூட ஏறிவிடும். உறைந்த பனி உருகி, உருகிய நீர் வெடிப்புகளில் இறங்கி, இரவில் மறுபடி உறையும். ஓராண்டில் பலமுறை நிகழும் இந்த உறைவும் உருகலும் கான்கிரீட்டின் மேல்தோலை உரித்துவிடக்கூடியவை.

இனி எடைக்கு வருகிறேன். அவர்கள் தேர்ந்தெடுத்த தொட்டி 1,300 லிட்டர் நீர் கொள்ளும்; அதுவே 1,300 கிலோ. வெறும் தொட்டி ஏறத்தாழ 350 கிலோ, ஐந்து பேர் அமர்ந்தால் இன்னொரு 375 கிலோ. மொத்தம் இரண்டு டன்னுக்குச் சற்று மேல். பக்கத்துக்கு 2.1 மீட்டர் உள்ள சதுரத்தில் இந்த எடை இறங்கும்போது, ஒரு சதுர மீட்டருக்கு 460 கிலோ வருகிறது. பொறியாளர் கணக்கில் 4.5 கிலோபாஸ்கல். அவர்கள் வீட்டின் பின்கதவை ஒட்டி ஏற்கெனவே ஒரு மரத்தளம் இருக்கிறது. இத்தகைய தளங்களை அங்கே வழக்கமாக 1.9 கிலோபாஸ்கல் சுமைக்கே வடிவமைக்கிறார்கள். வைக்கப்போகும் எடை அதைப்போல இருமடங்குக்கும் மேல். அந்தத் தளத்தின்மேல் தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டால் வேறு வேலையே இல்லை என்று தொட்டி விற்றவர் சொன்னாராம். நான் அதை ஒரு தெரிவாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே சொந்த வீட்டு மாடி பால்கனியில் இப்படி ஒன்றை வைக்க நினைப்பவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும்: மலேசியாவின் 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டட துணைச்சட்டங்கள் குடியிருப்பு மாடித் தளத்திற்குக் கேட்கும் சுமைத்திறன் 1.5 கிலோபாஸ்கல் மட்டுமே.

எஞ்சிய தெரிவுகள் மூன்று. முதலாவது உடைகல் படுகை. மேல்மண்ணை அகற்றி, மண் மேலேறாதபடி துணிவிரிப்பு ஒன்றைப் பரப்பி, கூர்முனையுள்ள உடைகல்லை 15 முதல் 20 சென்டிமீட்டர் கனத்திற்கு அடுக்கடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இயந்திரத்தால் இறுக்கி, நான்கு ஓரங்களிலும் பதப்படுத்திய மரச்சட்டம் கட்டுவார்கள். உருண்டைக் கூழாங்கல் இதற்கு உதவாது. அது ஒன்றையொன்று கவ்வாமல் உருளும். நீர் தேங்காது, செலவு குறைவு, இரண்டு மூன்று நாளில் முடியும், தரை எழும்பினாலும் வெடிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. குறை என்னவென்றால், எழும்புதல் எங்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒரு மூலை மட்டும் 2 சென்டிமீட்டர் உயர்ந்தால் தொட்டியின் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். மட்டத்தைத் திருத்துவது எளிது என்று சொல்பவர்கள், திருத்துமுன் 1,300 லிட்டர் நீரை வடித்துத் தொட்டியை நகர்த்த வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. தொட்டித் தயாரிப்பாளரின் உத்தரவாதம் கல்படுகையை ஏற்கிறதா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, வீட்டோடு ஒட்டாத மிதவைக் கான்கிரீட் தளம். அடியில் அதே உடைகல் படுகை, அதன்மேல் 5 சென்டிமீட்டர் கனமுள்ள விறைப்பான நுரைக்காப்புப் பலகை, அதற்கும் மேலே கம்பி வலையோடு 12 முதல் 15 சென்டிமீட்டர் கான்கிரீட், வீட்டுச் சுவருக்கும் தளத்துக்கும் இடையே தெளிவான இடைவெளி என்று இதன் அமைப்பைச் சொல்லலாம். கான்கிரீட்டில் நுண்காற்றுக் குமிழிகள் கலந்திருக்க வேண்டும். உறையும் நீர் பருக்கும்போது அந்தக் குமிழிகள் அதற்கு இடம் கொடுப்பதால் மேற்பரப்பு உரிவதில்லை. பினாங்கில் நாம் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை, ஏனென்றால் நமக்கு அது வேண்டியதில்லை; அங்கே அதைக் கேட்காமல் விட்டால் சில குளிர்காலங்களில் தளத்தின் மேல் செதில் செதிலாக உதிரும். இந்தத் தளமும் எழும்பத்தான் செய்யும். ஆனால் ஒரே பலகையாக எழும்புவதால், தொட்டி சற்றுச் சாய்ந்தாலும் முறுக்கிக்கொள்ளாது. சாய்வை நீரின் விளிம்பிலேயே பார்த்துவிடலாம், முறுக்கலோ தொட்டியின் சுவரில் விரிசல் விழும்வரை கண்ணுக்குத் தெரியாது. என் கணிப்பில் இந்த ஒரு வேறுபாட்டிற்காகவே கூடுதல் செலவு செய்யலாம்.

மூன்றாவது, திருகுத்தூண்களின்மேல் புதிய மரத்தளம். கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இது நன்கு வேரூன்றிய முறை. அடியில் திருகு அலகு பொருத்திய எஃகுக் குழாய்களை இயந்திரத்தால் மண் உறையும் மட்டத்துக்குக் கீழே முறுக்கி இறக்குகிறார்கள். மேலே உறையும் மண் குழாயைப் பற்றித் தூக்க முயன்றாலும், கீழே உறையாத மண்ணில் பதிந்திருக்கும் அலகு விடாமல் பிடித்துக்கொள்கிறது. நம் பைலுக்கு மிக நெருங்கிய உறவு இதுதான் என்பதால் எனக்கு இதன்மேல் இயல்பாகவே ஒரு பற்று வந்தது. மூன்றிலும் அசைவு மிகக் குறைந்தது இதுவே. தோண்டவோ கான்கிரீட் இறுகும்வரை காத்திருக்கவோ வேண்டியதில்லை. ஆனால் தூண்களுக்கு மேலே வரும் உத்தரமும் குறுக்குச்சட்டமும் இரண்டு டன்னுக்குக் கணக்கிடப்பட வேண்டும், பொறியாளர் கையெழுத்து வேண்டும், காற்று அடியில் நுழைந்து தொட்டியின் அடிப்பகுதியைக் குளிர்விக்கும். செலவும் மூன்றிலும் இதுவே அதிகம். சரிவான நிலம், அல்லது எப்போதும் ஈரம் நிற்கும் களிமண் என்றால் தயங்காமல் இதைத் தேர்வு செய்யலாம்.

மகள் வீட்டு நிலம் சமதளம்; மழைநீர் தெருப்பக்கம் ஓடிவிடுகிறது. ஆகவே மிதவைத் தளமே போதும் என்று சொன்னேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மண்வெட்டி நிலத்தில் படுமுன் ஒரு வேலை உண்டு: அங்கே எரிவாயுக் குழாயும் மின்வடமும் தோட்டத்துக்கு அடியில் ஓடுவதால், அவற்றின் தடத்தைக் குறித்துத் தரும் சேவைக்கு முன்னதாகச் சொல்லி, அவர்கள் வந்து நிறக்கோடு போட்டுவிட்டுப் போனபிறகே தோண்ட வேண்டும்.

இடத்தைப் பற்றி வீட்டில் இரண்டு கருத்துகள் இருந்தன. மகள் தோட்டத்தின் கோடியில், வேலியோரத்து மரத்தடியில் வேண்டும் என்றாள்; மாப்பிள்ளை கண்ணாடி அறைக்குள்ளேயே வைத்துவிடலாம் என்றார். கண்ணாடி அறை கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே கழித்தல் 25 டிகிரி, தொட்டியில் 39 டிகிரி என்றால், மூடியைத் திறந்த கணமே எழும் ஆவி எங்கே குளிர்ந்த பரப்பு இருக்கிறதோ அங்கே போய் நீராகும். கண்ணாடியில் வழிந்தால் துடைக்கலாம். சுவரின் உட்புறத்தில் புகுந்தால் மரச்சட்டம் மக்கும், பூஞ்சை பிடிக்கும். நம் ஊரில் ஈரம் வெளியிலிருந்து குளிரூட்டிய அறையை நோக்கி வருகிறது. அங்கே குளிர்காலத்தில் உள்ளிருந்து வெளியே போகிறது. ஆகவே ஆவித்தடுப்புத் தாளைச் சுவரின் உட்பக்கத்தில் எந்த ஓட்டையும் இல்லாமல் ஒட்ட வேண்டும், வெப்பத்தை இழக்காமல் காற்றை மாற்றும் கருவி வேண்டும், தரையில் வடிகால் வேண்டும். அந்த அறையோ இவை எதுவும் இல்லாமல் கட்டப்பட்டது. அதைத் திருத்திக் கட்டும் செலவு தொட்டியின் விலைக்கே போட்டியாக நிற்கும் என்பதால் அந்த எண்ணத்தைக் கைவிடச் சொன்னேன்.

தோட்டத்தின் கோடியும் எனக்கு உடன்பாடில்லை. தைப்பூசத்தின்போது இங்கே தண்ணீர்மலைப் படிகளில் வியர்வை வழிய ஏறுகிறோமே, அதே நாள்களில் அவர்கள் ஈரத்துண்டோடு பனியில் பதினைந்து மீட்டர் நடக்க வேண்டியிருக்கும். தொலைவு கூடக் கூட மின்வடத்துக்கான பள்ளமும் நீள்கிறது, வழியெல்லாம் பனி தள்ளும் வேலையும் கூடுகிறது, இரண்டாம் குளிர்காலத்தில் தொட்டி மூடியே கிடக்கும். பின்கதவிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள், வடமேற்குக் காற்றை வீடே மறைக்கும் பக்கத்தில் வைப்பது நல்லது. கூரையின் பனி சரிந்து விழும் விளிம்புக்கு நேர்கீழேயும், எரிவாயு மீட்டருக்கும் புகைபோக்கி வாய்க்கும் அருகேயும், தலைக்குமேல் மின்கம்பி செல்லும் இடத்திலும் வைக்கக் கூடாது. நான்கு பக்கமும் ஓர் ஆள் குனிந்து வேலை செய்ய 60 சென்டிமீட்டர் விட வேண்டும். பம்பு பழுதாவது பெரும்பாலும் வசதியான நாளில் அன்று. தளத்துக்குள் தொட்டியைப் புதைத்து வைப்பது படத்தில் அழகாகத் தெரிந்தாலும், பழுதுபார்ப்பவரின் கை எட்டாத தொட்டி அது.

மின்னிணைப்பில் தெரிவு இரண்டுதான். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் செருகும் வகையின் சூடேற்றி 1 கிலோவாட் அளவே இருக்கும். 240 வோல்ட்டில், 50 ஆம்பியர் தனி மின்சுற்றில் இயங்கும் வகையில் 4 கிலோவாட்டும் அதற்கு மேலும் உண்டு. தோட்டக் குழாயில் 8 டிகிரியில் வரும் 1,300 லிட்டர் நீரை 39 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 47 யூனிட் மின்சாரம் வேண்டும். 1 கிலோவாட் சூடேற்றிக்கு அது இரண்டு முழு நாள் வேலை. 4 கிலோவாட்டுக்கு 12 மணி நேரம். வெப்ப இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையான குளிர்காலத்தில் மூடியைத் திறந்து அமர்ந்தவுடன் சிறிய சூடேற்றி தோற்றுப்போகும். அதோடு பெரும்பாலான 120 வோல்ட் தொட்டிகளில் பீச்சுப் பம்பு ஓடும்போது சூடேற்றி நின்றுவிடுகிறது. கோலாலம்பூர்த் தட்பவெப்பத்துக்கு அந்த வகை போதும். கால்கரிக்குப் போதாது. 240 வோல்ட்டுக்கு மாறுமுன் வீட்டு மின்பலகையின் கொள்ளளவைப் பார்க்க வேண்டும்; பழைய வீடுகள் பலவற்றில் அது 100 ஆம்பியர்தான், மின்கார் சார்ஜரும் வரப்போகிறது என்றால் இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இந்த இடத்தில், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பாக்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மலேசியாவின் பழைய வீடுகளில் சிவப்புக் கம்பியில் மின்சாரம் வரும், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். வட அமெரிக்காவில் கறுப்பிலும் சிவப்பிலும் மின்சாரம் இருக்கும், வெள்ளைதான் நியூட்ரல். நாற்பது ஆண்டு வயரிங் வேலை செய்த கை, கறுப்பைக் கண்டதும் அச்சமின்றித் தொடும். அங்கே அது உயிரைக் குடித்துவிடும். அனுமதி பெற்று, உரிமம் உள்ள மின்பணியாளரையே வைத்துச் செய்து, பரிசோதகர் வந்து பார்த்தபிறகே தொட்டிக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். இங்கே குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு மின்கசிவு வந்தால் மின்சாரத்தை அறுக்கும் 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கருவியை நாம் போடுகிறோம். அங்கே வெந்நீர்த் தொட்டிக்கு இன்னும் நுட்பமான, ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அறுத்துவிடும் கருவி கட்டாயம். அவசரத்துக்கு அணைக்கும் சுவிட்சு தொட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆனால் நீரில் இருப்பவர் கைக்கு எட்டக் கூடாது.

மின்சாரம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதே என்னை அதிகம் உறுத்திய கேள்வி. 39 டிகிரியில் நிறைந்திருக்கும் தொட்டி 5 டிகிரிக்கு இறங்குமுன் 50 யூனிட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியே விட வேண்டும். மூடி நல்ல நிலையில் இருந்தால் அதற்கு நாள்கணக்கில் ஆகும். ஆனால் முதலில் உறைவது தொட்டியின் நீர் அன்று. ஓட்டம் நின்றுபோன சிறு குழாய்களிலும் பம்பின் வயிற்றிலும் தங்கியுள்ள நீர்தான். ஆகவே மின்தடை வந்தால் மூடியைத் திறக்காமல் விட வேண்டும்; நீண்டால், சுழற்சிப் பம்பை மட்டுமாவது ஓட்ட ஒரு சிறு ஜெனரேட்டருக்கு வழி வைத்திருக்க வேண்டும். பயந்துபோய் நீரை வடித்துவிடுவது பெருந்தவறு. அரைகுறையாக வடிந்த தொட்டியின் தாழ்ந்த வளைவுகளில் எஞ்சும் ஒரு குவளை நீர் போதும், பிளாஸ்டிக் குழாயைப் பிளக்க. வடித்தால் காற்றடித்து ஒவ்வொரு துளையையும் உலர்த்த வேண்டும். கழித்தல் 25 டிகிரியில் அது தெருவில் நின்று செய்யும் வேலையன்று.

இதிலிருந்தே எந்த மாதம் என்ற கேள்விக்கும் விடை வருகிறது. தொட்டி நீரை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தோட்டக் குழாயோ உறையாதிருக்க அக்டோபரிலேயே உள்ளிருந்து அடைக்கப்படும். வசந்தத்தில் தளம் போட்டு, கோடையில் தொட்டியை இறக்கி, அக்டோபரில் அந்தக் குழாயை அடைக்குமுன் புதுநீர் நிரப்பினால், அடுத்த மாற்றம் பனி தளரும் பருவத்தில் வரும். ஜனவரியில் நீரை மாற்றும்படி நேராத அட்டவணையே நல்ல அட்டவணை. இந்த ஆண்டு செப்டம்பருக்குள் தொட்டியை வைத்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை ஆசைப்பட்டார். ஐந்து டிகிரிக்குக் கீழே போகும் இரவுகளில் புதிதாக ஊற்றிய கான்கிரீட்டைப் போர்த்திப் பாதுகாக்க வேண்டும், வேலை தள்ளிப்போய் நிலம் உறைந்துவிட்டால் மின்வடத்துக்குப் பள்ளம் வெட்ட முடியாது, குத்தகையாளர்கள் எல்லாரும் அந்த நேரத்தில்தான் அவசரப்படுகிறார்கள். ஒரு குளிர்காலம் காத்திருக்கச் சொன்னேன். காத்திருப்பதில் ஒரு பயனும் உண்டு: பனி உருகும்போது தோட்டத்தில் எங்கே நீர் தேங்குகிறது, எந்த மூலையில் காற்று குவிகிறது என்பதை அவர்களே ஒரு பருவம் முழுக்கப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

மூடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுரைப்பலகை மூடியின் உறை கிழிந்து ஈரம் குடித்துவிட்டால் அது வெப்பத்தைக் காக்காது, கனத்து முதுகையும் வருத்தும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றும் செலவை இப்போதே கணக்கில் சேர்க்க வேண்டும். பேரனுக்கு நான்கு வயது என்பதால், பூட்டில்லாத மூடியை நான் ஏற்கவே மாட்டேன்.

இப்போது அவர்கள் வரைந்து அனுப்பிய படத்தில் தளம் பின்கதவிலிருந்து இரண்டரை மீட்டரில், சுவரிலிருந்து விலகி நிற்கிறது. கதவுக்கும் தளத்துக்கும் இடையே வழுக்காத நடைபாதை எதுவும் அதில் இல்லை. வெந்நீரிலிருந்து எழுந்தவரின் காலிலிருந்து சொட்டும் நீர் அங்கே அந்த இடத்திலேயே பனிக்கட்டியாகும். அந்த இரண்டரை மீட்டருக்குச் சொரசொரப்பான ரப்பர் விரிப்பும் ஒரு பக்கம் கைப்பிடியும் சேர்த்து, படத்தைத் திருத்தி நேற்றிரவு திருப்பி அனுப்பினேன்.